மேடு இல்லாத ஊருக்கு ஒரு வாரம்

இலங்கையில் ஊவா மாகாணம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், வெனிஸ் நகரத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்த மனிதர் வேறு ஒருவர் அகப்பட்டிருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி தப்பு. ஆனாலும் அந்த ஊரை ஒரு வாரம் சுற்றிப் பார்க்க அவரைப் போல அக்கறையாக ஏற்பாடு செய்தவர் கவர்னர்களிலும் இல்லை, துரைமார்களிலும் இல்லை என்று எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் நான் சாட்சி சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தபால் பை சுமந்தவர். காலையில் துரையின் பங்களாவில் ஒரு பையை வாங்கிக்கொண்டு பசறைக்கு நடப்பார். சாயங்காலம் வேறொரு பையோடு திரும்பி ஏறுவார். முதலில் எல்லாரும் அவரைத் 'தபால்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு 'வெனிசுக்காரர்' ஆகிவிட்டார்.

பதுளைக்கு ரயில் வராத காலம். நான் ஹல்துமுல்லையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவி, வெலிமடையில் மூட்டை தூக்கி, அங்கும் நிலைக்காமல் அந்தத் தோட்டத்தில் புல்லு வெட்டப் போய்ச் சேர்ந்திருந்தேன். படுக்க இடமில்லை. வெனிசுக்காரர், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், தம் ஒற்றை அறைக் காம்பராவின் முன்தாழ்வாரத்தைக் காட்டி, "சாக்கு இருக்கா? அப்ப படு" என்றார். எனக்குக் கிடைத்த வீடுகளில் அது நல்ல வீடு.

அந்தத் தோட்டத்தில் சமதரை என்ற ஒன்று கிடையாது. ஒரு தேங்காயைக் கீழே வைத்தால் அடுத்த தோட்டத்துக்காரன் அதில் சட்னி அரைத்துவிடுவான். பங்களா மேலே, ஃபேக்டரி கீழே, லயம் நடுவில். தண்ணீர் எடுக்க இறங்க வேண்டும், விறகு பொறுக்க ஏற வேண்டும். வெனிசுக்காரருடைய சம்சாரம் காத்தாயிக்குத் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கியே முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிப் போயிருந்தது. கொழுந்து பறிக்கிற நிரையில் பிந்தினால் கங்காணி அரைப்பேர் போட்டுவிடுவார். அதாவது முழு நாள் உழைப்புக்குப் பாதிச் சம்பளம். அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார்.

தோட்டத்து மருந்துக்காரர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் மேடு ஏறாம இருந்தா வீக்கம் வத்திடும். இப்படியே ஏறிக்கிட்டிருந்தா ஒரு நாள் கால மடக்கவே முடியாது" என்று சொல்லி ஒரு தைலத்தைக் கொடுத்து அனுப்பினார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. வெனிசுக்காரருக்கு அதுதான் மருந்துச் சீட்டு. ஒரு வாரம், மேடு இல்லாத ஊர். அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது?

அவருடைய வீட்டுச் சுவரிலேயே இருந்தது.

குளிர்காற்று வராமலிருக்கக் காத்தாயி பங்களாவில் எறிந்த இங்கிலீஷ் படப் பத்திரிகையைச் சோற்றுப் பசை தடவிச் சுவரில் ஒட்டியிருந்தார். நடுவில் ஒரு பெரிய படம். தண்ணீருக்குள்ளே மாளிகைகள், வாசல் படியில் படகுகள். லயத்து ஜனங்கள் அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். "பாவம், யாரு ஊரோ, வெள்ளம் உள்ள பூந்திருச்சு" என்றார்கள். படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்து, வெனிஸ் என்று பெயர் சொன்னவன் நான். இத்தாலி தேசத்தில் இருக்கிறது என்று சொன்னவர் கணக்கப்பிள்ளை.

"வெள்ளமோ கிள்ளமோ, தண்ணி எப்படி நிக்குது பாத்தியா தம்பி?" என்றார் வெனிசுக்காரர். "நம்ம தோட்டத்துல எங்கயாச்சும் தண்ணி நின்னு பாத்திருக்கியா? ஓடிக்கிட்டே இருக்கும். தண்ணி நிக்குதுன்னா அங்க மேடு இல்லைன்னு அர்த்தம்."

இதற்குக் கணக்கப்பிள்ளையே தலையை ஆட்டிவிட்டார்.

அன்றிலிருந்து ஏற்பாடு தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை படகில் உட்காருவது. திங்கட்கிழமை வேறொரு படகில் உட்காருவது. செவ்வாய்க்கிழமை மாளிகை வாசலில் உட்கார்ந்து படகுகளைப் பார்ப்பது. படத்தில் ஒரு பாலம் இருந்தது; அது நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பாலத்தின் மீது அவருக்குத் தீராத சந்தேகம். "அதுல மட்டும் ஏறவே கூடாது புள்ள. அடியில போயிட்டு அடியிலேயே வந்துடணும்" என்று காத்தாயியிடம் எச்சரிக்கை செய்வார்.

தாளின் மறுபக்கத்தில் ஊரின் மிச்சப் பாதி இருக்கும் என்று தோன்றி, ஒரு நாள் மெதுவாக உரித்துப் பார்த்தார். மிச்ச ஊர் வரவில்லை. ஒரு மாளிகை கையோடு வந்துவிட்டது. காற்றும் உள்ளே வந்தது. காத்தாயி திட்டிக்கொண்டே அதை அவசரமாக ஒட்டியதில் மாளிகை தலைகீழாக நின்றது. அதையும் அவர் விடவில்லை. வேறு ஒன்றும் பார்க்க இல்லாத வியாழக்கிழமையை அதற்கு ஒதுக்கினார்.

"ஏழு நாளும் ஒக்காந்தே இருந்தா சோறு யாரு ஆக்குறது?" என்று கேட்டார் காத்தாயி.

"அந்த ஊர்க்காரன் ஆக்குவான்."

"அவன் ஆக்குறத நீங்க திம்பீங்களாக்கும்! நான் உப்பு ஒரு கல்லு கொறைச்சுப் போட்டாலே தட்டத் தள்ளுறீங்க. நான் மொளகாத்தூள் இல்லாம வரமாட்டேன், இப்பவே சொல்லிப்புட்டேன்."

"அப்ப வர்றேன்னு சொல்ற?"

அந்த அம்மாள் முறைத்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார்.

படகில் உட்காரப் பழக வேண்டும் என்பது அடுத்த ஏற்பாடு. எங்கள் தோட்டத்தில் படகுக்கு எங்கே போவது? வண்ணார் துணி ஊறவைக்கிற மரத்தொட்டியைக் கெஞ்சி வாங்கினார். ஃபேக்டரிச் சக்கரத்தைச் சுற்றுகிற தண்ணீர் ஒரு வாய்க்காலில் போகும். ஒரு சாயங்காலம் தொட்டியை அதில் இறக்கி, கயிற்றின் ஒரு முனையைத் தொட்டியில் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தார். "மொதல்ல நான் ஒக்காந்து பாக்குறேன். ஆபத்து இல்லேன்னா அவள ஒக்கார வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

தொட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. அவருடைய முகம் கிழக்கே போனது, மேற்கே வந்தது. அப்புறம் பார்த்தால் கயிறு என் கையில் இருக்கிறது, தொட்டி இல்லை.

அவர் வாய்க்காலோடு போன வேகத்தில் தபால் போயிருந்தால் ராஜாவே மெச்சியிருப்பார். தொட்டி நேராகப் போய்ச் சக்கரத்து மடைவாயில் அடைத்துக்கொண்டது. சக்கரம் நின்றது. ஃபேக்டரி நின்றது. டீமேக்கர் வெளியே ஓடிவந்து, தொட்டிக்குள்ளே கைகூப்பி உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து, "நீயா? நான் மாடு விழுந்திருச்சுன்னு நெனச்சேன்!" என்று கத்தினார்.

மறுநாள் விடியலில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் எங்கள் இருவரையும் துரைக்கு முன் நிறுத்தினார்கள்.

"நீ தண்ணியிலே என்னா பண்ணுறான்?" என்றார் துரை.

"வெனிசுக்குப் போறதுக்குப் பழகுறேன் தொரை."

கணக்கப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். துரை சிரிக்கவில்லை. "எதுக்கு வெனிஸ்?"

"அங்க மேடு இல்லீங்க தொரை. பொம்பளைக்கு முட்டி வீங்கிப் போச்சு. ஒரு வாரம் மேடு ஏறாம இருந்தா வத்தும்னு மருந்துக்காரய்யா சொன்னாரு. லயத்துல படுத்தா கங்காணி எழுப்பிடுறாரு."

துரை நிரையில் நின்ற காத்தாயியின் காலைப் பார்த்தார். அப்புறம் மலையைப் பார்த்தார். "நான் வெனிஸ் போனான். ரொம்ப நாத்தம்" என்றார்.

"பரவாயில்லீங்க தொரை. மூக்குக்கு ஒண்ணும் கேடில்ல, முட்டிதான் நோவுது."

கொழுந்து குறைந்த மாதத்தில் இருவருக்கும் ஒரு வாரம் லீவு, அது முடிந்த திங்கட்கிழமை பெரட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தீர்ப்பானது. கயிறு பிடித்த எனக்குப் பேர் வெட்டு, அதாவது வேலை போயிற்று. அன்று மத்தியானமே சாக்கைச் சுருட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கினேன். காத்தாயி ஒரு ரொட்டியைச் சுருட்டி என் மடியில் போட்டார்.

பசறையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் சுமை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. நானா என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். அவருக்குச் சொந்த ஊர் மட்டக்களப்பு. புதிதாக ஒரு லொறி வாங்கி, அங்கிருந்து கருவாடு கொண்டுவந்து தோட்டங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். வெனிசுக்காரர் தபால் பையோடு வரும்போதெல்லாம் எங்கள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வெனிசைப் பற்றிச் சொல்வார். நானா அதை நாடகம் பார்ப்பதைப் போல ரசிப்பார்.

கொழுந்து குறைந்த மாதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் தபால் பை இல்லாமல் வெனிசுக்காரர் வந்து நின்றார். தலையில் அரிசி மூட்டை, கையில் சட்டி, இடுப்பில் துரை எழுதிக் கொடுத்த சீட்டு. பின்னால் காத்தாயி, மிளகாய்த்தூள் தகரத்தோடு, காலை இழுத்து இழுத்து வந்து ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"நானா, வெனிசுக்கு வண்டி எங்கேருந்து புறப்படுது?"

நானா எழுந்தே விட்டார். "வெனிசிக்கா? என்ன மனுசன் நீங்க! கொளும்புக்குப் போய் கப்பல் ஏறணும். கப்பல்லயே கெழமைக்கணக்கா போகணும். வாறத்துக்கும் அவ்வளவு."

வெனிசுக்காரர் சிரித்தார். அவருக்குத் தெரியாத சங்கதியா? பசறையில் பையை வாங்குவார், பங்களாவில் கொடுப்பார். சீமைக் கடுதாசி அவருக்குத் தெரிந்து பசறையிலிருந்துதான் வருகிறது. "சீமைத் தபால் வாரா வாரம் வருது நானா. தபால் வர்ற வழியில ஆளு போக முடியாதா?"

நானா கணக்குச் சொல்லி விளக்கினார். கேட்கக் கேட்க வெனிசுக்காரருடைய சிரிப்பு இறங்கியது. ஏழு நாளைக்கும் ஏற்பாடு இருந்தது. எந்தப் பாலத்தில் ஏறக்கூடாது என்பது வரை இருந்தது. போவதற்குத்தான் ஏற்பாடு இல்லை.

காத்தாயி திட்டவில்லை. திட்டியிருந்தால் புருஷனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஏங்க, வெயிலு ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவோமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். துரை கொடுத்த ஒரு வாரத்தில் முதல் நாள் அங்கேயே கரைந்துகொண்டிருந்தது.

நானா அந்தக் காலைப் பார்த்தார். "இஞ்ச பாருங்க. தண்ணி வேணும், தோணி வேணும், தரை தட்டையா இரிக்கணும். அவ்வளவுதானே? எங்கட ஊருக்குப் போங்க. லொறி இப்பப் போகுது."

"மட்டக்களப்புலயா? அங்க மேடு இருக்கா?"

"ஒரு மேடு இரிந்தா எனக்குக் காட்டுங்க, நான் கருவாட்டை விட்டுட்டுப் போறன்."

வெற்றுச் சாக்குகளின் மேல் அவர்களை ஏற்றினேன். லுணுகலை, பிபிலை என்று லொறி இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு வளைவிலும் வெனிசுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னும் எறக்கம்தான்" என்று காத்தாயிக்குச் செய்தி சொன்னார். அந்த வாரம் கருவாடு சேர்த்துக் கட்டுவதற்காக நானும் அங்கேயே தங்கினேன். வாவிக்கரையில் நானாவின் சரக்குக் கிட்டங்கி. அதில் ஒரு மூலை அவர்களுக்கு.

தரை தகடு மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் நின்ற தண்ணீர். காத்தாயி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னது சரிதான்" என்றார். முதல் நாள் சாக்கின் மேல் காலை நீட்டி மத்தியானம் வரை தூங்கினார். பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்காத விடியலை அந்த அம்மாள் கண்டு எத்தனை வருஷமோ.

கஷ்டப்பட்டவர் வெனிசுக்காரர்தான். மேடு ஏறியே பழகிய உடம்பு. சமதரையிலும் முன்னால் சாய்ந்து, பாரம் சுமப்பவர் மாதிரி நடந்தார். எதிரே வந்தவர்கள் விழப்போகிறார் என்று தாங்கிப் பிடித்தார்கள். தண்ணீர் ஓடுகிற சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. பழைய கோட்டையைப் பார்க்கப் போய், வாசலில் படியைக் கண்டதும் காத்தாயியைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்.

தோணியில் கால் வைத்தாரோ இல்லையோ, வாந்தி எடுத்தார்.

"இந்தப் பெரியவருக்கு என்னகா வந்த?" என்றார் தோணிக்காரர். "நான் இன்னும் கயித்த அவுக்கவே இல்லியே!"

காத்தாயி நடுத்தோணியில் காலை நீட்டிக்கொண்டு, தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். தினமும் அதே கதை. காலையில் வெனிசுக்காரர்தான் முதலில் ஏறுவார். கரை சேர்வதற்குள் வாழைத்தண்டு மாதிரி துவண்டு போவார். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"போதுங்க, வீட்டுக்குப் போவோம். ஒங்களுக்கு இந்த ஊரு ஒத்துக்கல."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அவர், தோணி விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டபடி. "மருந்துக்காரய்யா ஒரு வாரம்னாரு. மூணு நாளுன்னு சொல்லல. பேசாம ஒக்காரு."

வாரக் கடைசியில் லொறி வந்தது. காத்தாயி என் கையைப் பிடிக்காமல் தாமே அதில் ஏறினார். முட்டி முட்டி மாதிரி இருந்தது. வெனிசுக்காரர்தான் பாதியாக இளைத்திருந்தார். லுணுகலைக்கு மேலே முதல் குளிர்காற்று அடித்ததும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

மறுநாள் தபால் பையோடு கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

"அண்ணி மலைக்கு ஏறுனாங்களா?"

"நிரையில முன்னால போயிட்டா தம்பி. கங்காணியே பாத்துட்டு நின்னாரு."

"தொரை ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாரு. வெனிசு எப்படின்னாரு."

"என்ன சொன்னீங்க?"

அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். "அம்புட்டுத் தூரம் போகலீங்க, பாதி வழியிலேயே நல்ல ஊரு ஒண்ணு அகப்பட்டுச்சுன்னேன். அவளுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு தொரை, வருசா வருசம் இந்த ஒரு வாரத்த மட்டும் குடுத்துடுங்கன்னு கேட்டுட்டு வந்திருக்கேன்."

சொல்லும்போதே முகம் வெளுத்து, இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.