மேரி விடாது

சகலருக்கும் இத்தால் அறியத்தருவது: மிசிசாகா விமான நிலையத்தின் பொதிகள் பிரிவில் காலை முறை மேற்பார்வையாளரும், தேவாலயப் பங்குச் சபையின் முன்னாள் உபதலைவரும், அழைக்காத மேடைகளிலும் பேசியவருமான திருவாளர் நீக்கிலாஸ் அவர்கள், கனடாவைக் கைவிடுவதென்று தீர்மானித்துவிட்டார். கனடாவுக்கு இது இன்னும் தெரியாது.

பிரான்சில், பெயரின் பாதி எழுத்தை உச்சரிக்கவே கூடாத ஒரு கிராமத்தில் அவர் காணி வாங்கியிருந்தார். மற்றவர்கள் அதைக் காணி என்றார்கள். அவர் எஸ்ரேற் என்றார். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன் றெமிஜியஸ் அந்த ஊரில் இருந்தான். பற்றை வெட்டி, கல் பொறுக்கி, நிலத்தை மட்டப்படுத்தி வீடு கட்ட ஆயத்தம் செய்வது அவன் வேலை. டோர்செட் பார்க்கில் தன் ரவுன்ஹவுஸ் வீட்டின் கராஜில் நின்று, போனைப் பிடித்தபடி, "கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்வது நீக்கிலாசின் வேலை. இரண்டும் சமமான பாரம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

ரவுன்ஹவுசை விற்றாகிவிட்டது. கோடை முடியமுன் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு மரம் குறுக்கே நின்றது.

"மச்சான், இந்த மரத்தில கை வைக்கேலாது," என்றான் றெமிஜியஸ் வீடியோவில். "மேரி விடாது."

"ஆர் மேரி?"

"எங்கட ஊர் மேரிதான். மரத்தை விடு, வீட்டுக்கே மேரி ஓம் எண்டால்தான் அத்திவாரம் வெட்டலாம். இஞ்ச பிறப்பு, இறப்பு, கலியாணம் ஒண்டும் மேரிக்குத் தெரியாமல் நடக்காது."

அந்தக் கிராமத்துக்கு இனிப் பெரியவர் தான்தான் என்று நீக்கிலாஸ் நினைத்திருந்தார். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"முதல்ல பொம்பிளையளை அது இது எண்டு கதையாதை. மரியாதையாச் சொல்லு."

அங்கே பற்றை வெட்டும் மெசின் இரைந்தது. "என்ன? கேக்கேல்லை."

"வயசு போனதோ எண்டு கேட்டன்."

"சரியான பழசு மச்சான். யுத்தத்தையே கண்டது."

யுத்தம் கண்ட கிழவி. கறுப்புச் சட்டை, கைத்தடி, காலடியில் கடிக்கிற நாய் ஒன்று. நீக்கிலாஸ் அவளை அந்தக் கணத்திலேயே முழுதாகப் பார்த்துவிட்டார்.

"நான் கதைக்கிறன். கதைக்க வேண்டிய விதத்தில கதைச்சால் எல்லாரும் இளகுவினம். நம்பரை அனுப்பு."

"நேரம் பாத்து எடு. பிரெஞ்சுதான் கதைக்கும்."

வேலையால் வந்து, குளித்து, சேர்ட் மாற்றி, சென்ற் அடித்துக்கொண்டு மேரிக்குப் போன் எடுத்தார். வெளியே நல்ல வெயில். அங்கே நடுச்சாமம் என்பது மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் நினைவு வந்தது. போனை வெட்ட முதல் அவள் எடுத்துவிட்டாள்.

"போன்சூர்," என்றது ஒரு பெண் குரல். நடுவில் "லா மேரி" என்று தன் பெயரையும் சொன்னது. நீக்கிலாஸ் பாடமாக்கி வைத்திருந்ததைத் தொடங்கினார். "போன்சூர் மேடம் லா மேரி, நான் நீக்கிலாஸ், சுப்பவைசர், கனடா…" அவள் நிற்பாட்டவில்லை. அவர் பேசப் பேச அவளும் பேசினாள். குரலை உயர்த்தவில்லை, கோபப்படவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுப் போனை வைத்தாள்.

அடுத்த நாளும் எடுத்தார். ஒரு சொல் மாறவில்லை. மூச்சு எடுத்த இடம்கூட மாறவில்லை.

"நேற்றுச் சொன்னதையே திருப்பிச் சொல்லுறா," என்றார் றெமிஜியசிடம். "ஒரு துளி இளக்கம் இல்லை."

"மேரி அப்பிடித்தான்," என்றான் அவன்.

கோபப்படுகிற ஆட்களை நீக்கிலாஸ் சமாளித்திருக்கிறார். நடுச்சாமத்தில் முழித்திருந்து, முதல் மணியிலேயே போனை எடுத்து, ஒரே வசனத்தைச் சாந்தமாகச் சொல்கிற மனுசியைச் சமாளித்ததில்லை. பொதிகள் பிரிவில் ஒரு சூட்கேஸ் தவறி விழுந்தாலும் அவருக்குக் கைத்தடிச் சத்தம் கேட்டது.

எந்தக் கிழவியும் பரிசுக்கு இளகுவாள் என்று தேறினார். விலாசம் கேட்டார்.

"ஊர்ப் பேரை எழுதி, மேரி எண்டு போட்டாலே போகும்," என்றான் றெமிஜியஸ். "தெரியாத சனம் இல்லை."

பெரிய போத்தலில் மேப்பிள் சிரப், கம்பளிச் சால்வை ஒன்று, முழங்கால் நோவுக்குப் பூசும் தைலம். எல்லாவற்றையும் பொதி செய்து, 'மேடம் லா மேரி அவர்களுக்கு, உங்கள் வருங்கால அயலவர்' என்று பிரெஞ்சில் மொழிபெயர்த்து ஒட்டி அனுப்பினார்.

றெமிஜியஸ் வேலை நேரத்தில் போன் எடுத்தான். குரல் தாழ்ந்திருந்தது.

"மச்சான், நீ மேரிக்கு என்னவும் அனுப்பினனியே?"

"சின்ன அன்பளிப்பு."

"முழங்கால் தைலமோ?"

"வயசுக்கு உதவும் எண்டுதான்."

"உன்ர பகிடியை விடு. என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாச்சு. லஞ்சமோ, நக்கலோ எண்டு. உன்ர பைலைத் தூக்கி ஒரு மூலையில வைச்சிட்டுது மேரி."

நீக்கிலாஸ் ஒரு சூட்கேஸின் மேல் உட்கார்ந்தார். அது வேறு யாருடையதோ. கிழவி தன்னைப்பற்றி பைல் வைத்திருக்கிறாள். அதில் என்னென்ன இருக்கும்? ரவுன்ஹவுசை விற்றது தெரிந்திருக்குமா? போக்கிடம் இல்லாதவன் என்று தெரிந்தபிறகு அப்படிப்பட்டவள் எப்படி விடுவாள்?

அன்று பின்னேரம் கராஜுக்குள் நின்று போனைக் காதில் வைத்துக் கெஞ்சினார். "மேடம் லா மேரி, உங்களை நம்பித்தான் வீட்டையும் வித்துப்போட்டு நிக்கிறன். சில் வூ ப்ளே."

திரும்பிப் பார்த்தார். மனைவி றோசலின் உடுப்புக் கூடையோடு நின்றாள்.

"ஆர் மேரி?"

"அங்க ஊருக்குப் பெரிய மனுசி. காணி விசயம். உமக்கு விளங்காது."

"காணி விசயத்துக்கு என்னத்துக்குச் சென்ற்?"

"றோசலின், அவ எண்பத்தைஞ்சு தாண்டின கிழவி."

"அப்ப திருப்பி எடுங்கோ. நானும் கேக்கிறன்."

எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். தேன் தடவிய இளம் குரல் ஒன்று கராஜ் முழுக்கப் பரவியது. இத்தனை நாளும் பயத்தில் அதன் வயதை அவர் கவனிக்கவே இல்லை. றோசலின் கடைசிச் சொல் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"இது எண்பத்தைஞ்சோ?"

நீக்கிலாஸ் போனைத் திருப்பி நம்பரைச் சரிபார்த்தார்.

"எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம்," என்றாள் றோசலின். "அவளுக்கு என்ன வேணுமோ அதைக் குடுத்து முடியுங்கோ. இல்லாட்டி நான் பிறம்ரனில தங்கச்சியோட இருக்கிறன். நீங்கள் போய் மேரியோட இருங்கோ."

இப்போது கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இரண்டு பேரும் குரலை உயர்த்தாதவர்கள். நீக்கிலாஸ் றெமிஜியசை அழைத்தார்.

"உண்மையைச் சொல்லு. மேரிக்கு என்னதான் வேணும்?"

றெமிஜியஸ் யோசித்தான். "கனகாலமா ரோட்டுக்கரையில ஒரு துண்டுக் காணி தேடிக்கொண்டு திரியுது. ஒருத்தரும் குடுக்கிறாங்கள் இல்லை."

"என்ர முன் துண்டு ரோட்டுக்கரைதானே? குடு."

"விளங்கித்தான் சொல்லுறியோ? உன்ர வாசலுக்கு நேர முன்னுக்கு."

"குடு எண்டிறன். அன்பளிப்பா எழுது."

"நீ பெரிய மனுசன் மச்சான்," என்றான் றெமிஜியஸ். "ஊரே உன்னைக் கும்பிடும்."

சொன்னது போலவே மேரி இளகியது. மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், எல்லாவற்றுக்கும் ஓம். நீக்கிலாசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே உபதலைவரும் திரும்பி வந்தார். பிரியாவிடை விருந்துக்கு ஆட்களைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம், கொத்துரொட்டித் தட்டுகளோடு நின்ற சனத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்தவர்களே, ஒரு ஊரை ஆளவேணுமெண்டால் முதல்ல அந்த ஊரின் இதயத்தை வெல்லவேணும். எவருக்கும் இளகாத மேடம் லா மேரி அவர்கள், என்ர ஒரு வார்த்தையில இளகினா. என்ர எஸ்ரேற்றின் முகப்பை அவவுக்கு அன்பளிப்பாக் குடுத்திட்டன். அதில அவ ரோசாத் தோட்டம் வைப்பா எண்டு நினைக்கிறன்."

கை தட்டினார்கள். றோசலின் தட்டவில்லை.

"அண்ணை, அந்த மகராசியை ஒருக்காக் காட்டுங்கோவன்," என்றாள் பக்கத்து வீட்டு பேர்ணடெற்.

"ஓம்," என்றாள் றோசலின். "கட்டாயம் காட்டுங்கோ."

அந்தக் குரலுக்குப் பொருத்தமான முகம் ஒன்று திரையில் வந்தால் நீக்கிலாஸ் பிறம்ரன் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். றெமிஜியசை வீடியோவில் எடுத்து, தொலைக்காட்சியில் போட்டார்.

"றெமிஜியஸ், எல்லாரும் ஆவலா நிக்கினம். மேரியை ஒருக்காக் காட்டு."

"இதுக்கென்ன, முன்னுக்குத்தான் நிக்கிறன்," என்றான் அவன். அங்கே பின்னேர வெயில். கமெரா மெல்லத் திரும்பியது. சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு பழைய மாடிக் கட்டடம். உச்சியில் மணிக்கூடு. வாசலில் கொடி. பூட்டிய கதவு.

"கட்டடத்தை விட்டிட்டு ஆளைக் காட்டு மச்சான்."

"என்ன ஆள்? பூட்டினாப் பிறகு போனில பதிஞ்சு வைச்ச குரல்தான் கதைக்கும். மேரி எண்டால் பிரெஞ்சில கிராமசபைக் கந்தோர், நீ குடுத்த துண்டில திங்கட்கிழமை ஊர்க் குப்பைத் தொட்டி வைக்கினம்."