வெண்டைக்காய்ப் புளிக்குழம்புக்கு ஒன்றரை ஸ்டார்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே அறிவித்தேன்.

"மீனா, நல்லாக் கேட்டுக்க. இனிமே என் கால் தியேட்டர் பக்கம் போகாது."

என் மனைவி முத்துமீனா கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன், உள்ள விடமாட்டேன்னுட்டாங்களா?"

"நானா எடுத்த முடிவு. சபதம் எடுத்துட்டேன்."

"சபதம் எடுத்தாச்சுல்ல? அப்படியே ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி பாட்டிலையும் எடுங்க."

என் பெயர் மொக்கைச்சாமி. குலசாமி பெயர். மதுரைக்குத் தெற்கே இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் பெயரோடு பேஸ்புக்கில் சினிமா விமர்சனம் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும். "படம் மொக்கை" என்று எழுதினால், "உன் பேரை ஏன்யா படத்துக்கு வைக்கிற?" என்கிறார்கள். "படம் அவ்வளவு மொக்கை இல்லை" என்று எழுதினால், "உன்னை விடவா?" என்கிறார்கள்.

திருமங்கலத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. வீடு அவனியாபுரத்தில். வெள்ளிக்கிழமை ஆனால் பல்வலி, மாமனார்வலி என்று எதையாவது சொல்லி பர்மிஷன் போட்டு, புதுப்படத்துக்கு ஓடிவிடுவேன். ட்ரெய்லரைப் பார்த்து ஏமாறுவதில் எனக்கு இணை கிடையாது.

சபதத்துக்குக் காரணமான படத்தில் கதாநாயகன் நடந்து வந்தார். இடைவேளை வரைக்கும் நடந்தே வந்தார். பின்னால் புகை, முன்னால் காற்று. அந்த நடைக்குத் திருமங்கலத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். கடைசியில் 'மீதி இரண்டாம் பாகத்தில்' என்று போட்டார்கள். முதல் பாகம் எப்போது வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்த சூட்டோடு எழுதினேன்: "படத்தில் என் மனதைத் தொட்ட இடம், இடைவேளையில் தின்ற சமோசா. செகண்ட் ஹாஃபைக் காணோம்."

அவ்வளவுதான். பஸ் அவனியாபுரம் வருவதற்குள் என் பரம்பரையையே இறக்கிவிட்டுவிட்டார்கள். அதிலும் 'கொதிக்கும் கொப்பரை' என்ற பெயரில் ஒருத்தன் இருக்கிறான். நான் எது எழுதினாலும் முதல் கல் அவனுடையதுதான். அன்றைக்கு அவன் எழுதியது இது: "படத்துல செகண்ட் ஹாஃப் காணோம்ங்கிற. உன் தலையில ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே முடியைக் காணோமே, அதைப் பத்தி எழுதுனியா?"

இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். அதில் ஒருவர் என் சொந்த மாமா.

இதற்கு மேலும் ஒரு மனிதன் சபதம் எடுக்காமல் என்ன செய்வான்?

சபதம் எடுப்பது லேசு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அதுவரை அந்த நேரம் முழுக்க மீனாவுக்குச் சொந்தமாக இருந்தது. அடுத்த வீட்டு ஷெரின் ஒரு தட்டில் எதையாவது மூடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். இரண்டு டீச்சர்களும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, வாரம் முழுக்க அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் சிரித்துத் தீர்ப்பார்கள். இப்போது அந்த சோபாவில் நடுவில் நான்.

ஷெரின், தன் ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக்கண்ணாடியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கத் தேடிய கதையைச் சொன்னாள். மீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் தொண்டையைச் செருமினேன். "கரு நல்லா இருக்கும்மா. ஆனா ஹெட்மிஸ்ட்ரஸ் கேரக்டருக்கு இன்னும் அழுத்தம் குடுத்திருக்கலாம். கண்ணாடி தலையிலதான் இருக்குன்னு முதல்லயே யூகிக்க முடியுது."

ஷெரின் என்னைப் பார்த்தாள். மீனாவைப் பார்த்தாள்.

"அக்கா, மாடியில துணி கிடக்கு. வாரேன்."

தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் அதிரசம் இருந்திருக்கிறது.

விமர்சனம் என்பது அரிப்பு மாதிரி. படம் இல்லையென்றால் கைக்குக் கிடைத்ததைச் சொறியும். மீனா துணி மடிப்பதைப் பார்த்து, "எடிட்டிங் சரியில்லை" என்றேன். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே, "ஜோடிப் பொருத்தம் ஓகே, க்ளைமாக்ஸை இழுத்துட்டீங்க" என்றேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு.

"எப்படி இருக்கு?" என்றாள் மீனா. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"முதல் வாய் பிரமாதம். அதுக்கப்புறம் தொய்வு. வெண்டைக்காய் தலையைக் காட்டிட்டுக் காணாமப் போயிருது. புளிக்கு மட்டும் ஓவர் பில்டப்."

"எத்தனை ஸ்டார் குடுப்பீங்க?"

"ஒன்றரை."

"அந்த அரை எதுக்கு?"

"அப்பளத்துக்கு."

கரண்டி பறந்து வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மீனா சிரித்தாள். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் சிரித்தால், விடை அவளுக்கு முன்பே தெரியும் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"எம்புட்டு அழகாச் சொல்றீங்க! இதை எங்கிட்ட மட்டும் சொன்னா வீணாப் போயிருமே. பேஸ்புக்ல எழுதிப் போடுங்க."

"உனக்கு வருத்தமில்லையே?"

"சமைச்சு வச்சா நாலு பேரு நாலு சொல்லத்தான் செய்வாங்க. தட்டை இந்தப் பக்கமாத் திருப்புங்க, லைட்டு நல்லா விழுது."

போட்டோவும் அவளே எடுத்துக் கொடுத்தாள். தலைப்பு: 'மனைவியின் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. ஸ்டார்: ஒன்றரை.'

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் போன் மேஜை மேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பெரிய நடிகர்களின் ரசிகர்கள் என் பேஸ்புக் பக்கத்தில் வருஷக்கணக்காக வெட்டிக்கொண்டு கிடந்தவர்கள். அன்றைக்கு அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். எனக்கு எதிராக. "முதல் முறையா உங்க தலைவர் ரசிகர் கூட ஒத்துப்போறேன் நண்பா, இந்த ஆளு மூஞ்சிக்குக் கொழம்பே அதிகம்." "ஆமா நண்பா, அண்ணிக்கு நியாயம் வேணும்." அண்ணியாம்! என்னை ஒரு நாளும் அண்ணன் என்று கூப்பிடாதவர்கள், மீனாவை மட்டும் அண்ணி ஆக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு மட்டும் கடைசியாகக் கொப்பரை வந்தான். "இதுவரைக்கும் உன்னைப் படத்துக்காகத் திட்டுனேன். இப்ப எங்க அண்ணிக்காகத் திட்டுறேன். தில் இருந்தா நீ ஒரு வேளை சமைச்சுக் காட்டு. நான் நேர்ல வந்து தின்னுட்டு ஸ்டார் போடுறேன்."

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள் மீனா.

சொன்னேன்.

"விடுங்க, சின்னப் பையன். நான் வேணா பதில் போட்டுறவா? 'அவருக்கு வெந்நி வைக்கத் தெரியாது, மன்னிச்சுக்கங்க'ன்னு?"

என் விரல் தானாகவே டைப் அடித்தது: "ஞாயிற்றுக்கிழமை மதியம் வாடா."

அனுப்பிய பிறகுதான் வெந்நி விஷயம் உண்மை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் என்னிடம் மூளை இருந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் நல்லகாமன் மெஸ் வைத்திருக்கிறார். அவர் கை பட்டால் கத்தரிக்காய்கூடக் கறி மாதிரி இருக்கும். மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேராக அங்கே போனேன்.

"நல்லகாமா, ஞாயித்துக்கெழமை கறிக்குழம்பு, சுக்கா, ரசம். பின்வாசல் வழியா வரணும். தூக்குவாளியில வரணும். மெஸ் பேரு எதுலயும் இருக்கக்கூடாது."

"என்னண்ணே, கடத்தலா?"

"கௌரவப் பிரச்சினை. என் பொஞ்சாதிக்கு மட்டும் தெரியக்கூடாது."

"கோயில் சத்தியமாச் சொல்லமாட்டேண்ணே" என்றார். எந்தக் கோயில் என்று கேட்டிருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனாவே வழிவிட்டாள். "நானும் ஷெரினும் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரோம். நாங்க இருந்தா உங்களுக்குக் கை ஓடாது."

என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். தூக்குவாளிகள் வந்தன. எல்லாவற்றையும் வீட்டுப் பாத்திரத்தில் மாற்றினேன். சட்டையில் கொஞ்சம் மஞ்சள்தூள் தடவினேன். நெற்றியில் தண்ணீர் தெளித்து வேர்வை வரவழைத்தேன். மேக்கப்பில் குறை சொல்ல முடியாது.

மீனாவும் ஷெரினும் திரும்பி வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் மணி அடித்தது. மீசை, கழுத்தில் துண்டு, ரத்தக் கண்கள் என்று எதிர்பார்த்துக் கதவைத் திறந்தேன். ஒல்லியாக, வெள்ளை ஜிப்பாவில் ஒருவர் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வணக்கம்ணே. நான் சூர்யபிரகாஷ். திருமங்கலத்துல இருந்து வாரேன்."

"எந்த சூர்யபிரகாஷ்?"

"கொதிக்கும் கொப்பரைண்ணே" என்றார், கூச்சத்தோடு.

யோகா வாத்தியாராம். கோபத்தை அடக்குவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறாராம்.

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன்யா அம்புட்டுக் கோபம்?"

"அடக்குனதை எங்கயாச்சும் கொட்டணும்லண்ணே?"

சாப்பிட உட்கார்ந்தார். முதல் வாய். கண்ணை மூடினார். இரண்டாவது வாய். கண்ணோரம் ஈரம்.

"அண்ணே... இதை நீங்களா சமைச்சீங்க?"

மீனா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான்" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. அது தன்னடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அங்கேயே வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். "நண்பர்களே, மொக்கைச்சாமி அண்ணனைத் தப்பாப் பேசிட்டேன். அஞ்சுக்கு ஆறு ஸ்டார்!" அன்று சாயங்காலம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. "சமையல் சிங்கமே." "கைக்கு மோதிரம் போடணும்." "கறிக்குழம்புச் சக்கரவர்த்தி." என்னை வாழ்க்கையில் முதல்முறையாக முன்பின் தெரியாதவர்கள் பாராட்டினார்கள். ஒவ்வொன்றையும் மீனாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மாமாவின் மன்னிப்பை இரண்டு தடவை படித்தேன்.

மீனா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கு மனசே ஆறலைங்க. இம்புட்டுக் கைப்பக்குவத்தை வச்சுக்கிட்டு இத்தனை வருசமா என் புளிக்குழம்பைச் சகிச்சிருக்கீங்க. பாவம் நீங்க."

"பரவாயில்லை விடு" என்றேன் பெருந்தன்மையாக.

"விடக்கூடாதுங்க. அதான் உங்க பக்கத்துலயே எழுதிட்டேன். பாருங்க."

பார்த்தேன். 'இனி வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் என் கணவர் சமையல். ஒவ்வொரு வாரமும் போட்டோ வரும். இப்படிக்கு, உங்கள் அண்ணி.' ஆயிரம் கைதட்டல். சூர்யபிரகாஷ் தீபம் ஏற்றும் பொம்மை போட்டிருந்தார்.

"மீனா, அது வந்து..."

"என்னங்க? இன்னைக்குச் சமைச்சது நீங்கதானே?"

ஒரு பக்கம் மீனாவின் முகம். இன்னொரு பக்கம் ஆயிரம் கைதட்டல். அது பொய் என்று தெரிந்தால் அத்தனை கையும் என் கன்னத்துக்கு வரும்.

"நான்தான்" என்றேன்.

"அப்பச் சரி. நானும் ஷெரினும் வெள்ளிக்கிழமை படத்துக்குப் போறோம். வரும்போது பசியோட வருவோம்."

நான் கலங்கவில்லை. நல்லகாமன் இருக்கும்போது எனக்கென்ன? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் இருவரும் ஷேர் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே ஏறிப்போன மறுநிமிஷம் கிளம்பி, மெஸ்ஸில் போய் நின்றேன்.

"நல்லகாமா, அதே தூக்குவாளி. அதே பின்வாசல்."

அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"முடியாதுண்ணே. உங்களுக்கு இனிமே பார்சல் கிடையாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க."

"எந்த அக்கா?"

"நம்ம மீனாக்காதான். என் பொண்ணு அவங்ககிட்டதானே கணக்குப் படிக்குது? போன தடவை நீங்க கடைப் படி இறங்குறதுக்குள்ள போன் போட்டுட்டேன். அவங்கதான், 'நல்லாச் செஞ்சு குடுத்துரு தம்பி, வந்த ஆளு அசந்து போகணும்'னாங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நல்லகாமன் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். கனமாக இருந்தது. ஒருவேளை மனமிரங்கிச் சுக்காவாவது கொடுத்திருக்கிறாரோ என்று பிரித்துப் பார்த்தேன். பை நிறைய சின்ன வெங்காயம்.

"போற வழியில குடுத்துட்டுப் போனாங்கண்ணே. உரிச்சு வைப்பீங்களாம். கண்ணு எரிஞ்சா ஃபேனைப் போட்டுக்கச் சொன்னாங்க."