டிறைவர் சீற்றில் ஒரு முட்டை

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
ஆடி 12

அன்பும் மரியாதையும் உள்ள விஜிதரன் மாமாவுக்கு,

சுவிஸில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், நான் சுகம், மாடு இரண்டும் சுகம். இந்த வரிசையில், எங்கள் கொட்டிலில் நீங்கள் விட்டுப்போன கார் இல்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தயவுசெய்து ஒரு கதிரையில் இருந்துகொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலில் நான் கண்டது ஒரு முட்டைதான். மூன்று கிழமைக்கு முன்னர், நீங்கள் சொன்னபடி தூசு தட்டப் போனபோது, காருக்குப் போட்ட துணி ஒரு பக்கம் விலகியிருந்தது. உள்ளே பார்த்தேன். டிறைவர் சீற்றின் நடுவில், நீங்கள் கொழும்பில் தேடிப்பிடித்துத் தைப்பித்த அந்தக் கறுப்புத் தோலின் மேல், வெள்ளையாக ஒரு முட்டை. தொட்டேன், சூடாக இருந்தது. அம்மாவிடம் சொன்னால் கோழி எப்படி உள்ளே போனது என்று கேட்பா, பிறகு கண்ணாடி ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்பா. அதற்குப் பயந்து முட்டையை அப்படியே விட்டுத் துணியை இழுத்து மூடிவிட்டு வந்தேன். அடுத்த நாள் இரண்டு முட்டை. இப்போது ஒன்பது முட்டையும் அவற்றின் மேல் எங்கள் சிவப்புக் கோழியும் இருக்கின்றன. அடைகிடக்கத் தொடங்கி ஒன்பது நாள். இன்னும் பன்னிரண்டு நாள் அதை அசைக்க ஏலாது என்று அம்மா சொல்லிவிட்டா. கடைசியில் அவவே கண்டுபிடித்துவிட்டா, கோழியைத் தேடிப் போய்.

கண்ணாடி ஏன் திறந்து கிடந்தது என்று நீங்களும் கேட்பீர்கள். அதைச் சொல்ல ஜெயரூபி அக்காவின் கலியாணத்தைச் சொல்ல வேண்டும். கலியாணத்தைச் சொல்ல மண்ணெண்ணெயைச் சொல்ல வேண்டும். ஆனபடியால் மண்ணெண்ணெயில் இருந்தே தொடங்குகிறேன்.

தை மாதம் நீங்கள் போகும்போது கார்த் திறப்பை என் கையில் தந்து, "நீதான் கதைக்காத பிள்ளை. கதைக்கிறவைதான் காரை ஊருக்குக் குடுப்பினம்" என்று சொன்னீர்கள். கிழமைக்கு ஒருதரம் பத்து நிமிசம் ஸ்ராட் பண்ணி விடவேண்டும், ரோட்டில் இறக்கக்கூடாது என்றும் சொன்னீர்கள். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு அப்பா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "சும்மா நிண்டு எரியிறதுக்கு ஏனம்மா பெற்றோல்? சண்டைக்காலத்துப் பெற்றோல் தடை நேரம் நான் மண்ணெண்ணெயில பிள்ளைப்பெறுகாரியளை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினனான். கொண்டா திறப்பை" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். மாமா, ஒரு பெட்டை நிலத்தைப் பார்த்தால் ஓம் என்று அர்த்தம் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு முடிவு. திறப்பு போய்விட்டது. அப்பா அந்தக் காலத்தில் செய்தது போலவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை விட்டு, குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கி எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். கார் கிளம்பியதுதான். அதோடு கொட்டிலின் நாலு பக்கத்தாலும் வெள்ளைப் புகை கிளம்பியது. நுளம்புக்குப் புகை அடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து முன்வீட்டுக்காரர் சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ரோட்டுக்கு வந்து நின்றார்கள். பக்கத்துக் காணி ஐயா வேலியால் எட்டி, "எங்கட மாட்டுக் கொட்டிலுக்கும் அடிச்சு விடுங்கோ தம்பி" என்று கேட்டார். புகைக்குள் இருந்து அப்பா ஓம் என்றார்.

அதற்குப் பிறகு கார் ஸ்ராட் வரவே இல்லை, அப்பா திறப்பைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு நிஷாந்தன் அண்ணா, ஓட்டோ திருத்துகிறவர், தாங்கியைக் கழுவி, பிளக்கைத் துடைத்து, புதுப் பெற்றோல் விட்டு ஒரு மாதிரி உயிர் கொடுத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுக்க முன்னமே, வைகாசியில் தன் தங்கச்சி ஜெயரூபிக்குக் கலியாணம், மாப்பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டி வர இந்தக் கார்தான் வேணும் என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு அப்பாதான் ஓட்டினார். முன்னுக்கு மாப்பிள்ளை, பின்னுக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிஷாந்தன் அண்ணா, அவருக்குப் பக்கத்தில் திறப்புக்குக் காவலாக நான். இரண்டு பேர் தலையிலும் தலைப்பாகை. கார் எவ்வளவு பதிவு, கூரை எவ்வளவு தாழ்வு என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை தலையைத் தோளில் சாய்த்தபடியே வந்தார், பார்த்த சனம் மாப்பிள்ளைக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பம் இல்லையோ என்று குசுகுசுத்தது. ஐயோ பாவம், தலையையாவது வெளியே விடட்டும் என்று நிஷாந்தன் அண்ணா பின்னாலிருந்து எட்டிக் கண்ணாடியைச் சுற்றி இறக்கினார். இறங்கியது. ஏற்றுகிற கைபிடி அவருடைய கையோடு வந்துவிட்டது. அதை என் கையில் வைத்து, "தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். சொல்லவில்லை. இன்றைக்குத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அது முடிய வாய்க்கால் மதகில் ஏறும்போது காரின் வயிறு கொங்கிறீற்றில் குந்திவிட்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. முகூர்த்தத்துக்கு இருபது நிமிசம். வயலுக்குள் உழுதுகொண்டு நின்ற லாண்ட்மாஸ்டர் மெஷினைக் கொண்டுவந்து கயிறு கட்டினார்கள். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் ஓடும் என்று நீங்கள் சொன்ன கார், லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால், அதற்கும் முன்னால் போன மேளகாரருக்குப் பின்னால், மாடு போகிற வேகத்தில் கோயிலுக்குப் போனது. தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. சைலன்சர் மதகிலேயே நின்றுவிட்டது. அதை அப்பா கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறார். வடிவாகத்தான் கட்டியிருக்கிறார், ஆனால் கம்பி தெரியும்.

மாமா, பதினாறு வயதில் பளையில் ரியூப் ஒட்டுகிற கடையில் நின்றபோது இதே மாதிரிக் கார் ஒன்று ஒருதரம் உங்களைக் கடந்து போனதாம். இடம்பெயர்ந்து ஓடும்போது படித்த சான்றிதழ்களை விட்டுவிட்டுக் காரின் படத்தைக் கொண்டு ஓடினவன் என்று அம்மா இப்போதும் உங்களைப் பகிடி பண்ணுவா. அது தெரிந்திருந்தும் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வந்து "கார் எப்பிடிப் பிள்ளை?" என்று நீங்கள் கேட்கும்போது நான் நிலத்தைப் பார்க்கிறேன். நீங்களும் அதை ஓம் என்றே எடுக்கிறீங்கள். வீட்டில் இருக்கிறது அப்பாவின் போன் ஒன்றுதான், அதில் எழுதினால் எல்லோரும் வாசிப்பினம். அதுதான் கடிதம்.

வகுப்பில் எழும்பி வாசிக்கப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருசமாகிறது. அதற்குப் பிறகு மாட்டுக் கயிற்றைத் தவிர ஒருவரும் என்னை நம்பி ஒன்றும் தந்ததில்லை. நீங்கள்தான் திறப்பைத் தந்தீங்கள். ஏச்சுக்கும் பயம்தான், ஆனால் அது இரண்டாவது. நீங்கள் ஒன்றும் பேசாமல் கையை நீட்டித் திறப்பைத் திருப்பி வாங்கிவிடுவீங்களோ என்பதுதான் நித்திரையிலும் வருகிறது. ஆவணிக் கடைசியில் வரும்போது நேரே கொட்டிலுக்குப் போகாமல் முதலில் சாப்பிடுங்கோ. இல்லை என்று சொல்லத் தெரியாத மருமகளை மன்னியுங்கோ.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும். குளிர் தொடங்கினால் உடம்பை நல்லாய்ப் போர்த்திக்கொள்ளுங்கோ.

உங்கள் மருமகள்,
யதுர்ஷிகா

பி.கு.: ஆடி 13, காலை. முத்திரை ஒட்டவில்லை, இனித் தேவையும் இல்லை. ஒருவருக்கும் சொல்லாமல் காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டீங்கள். பையைக்கூட வைக்காமல் கொட்டில் பக்கம் நடந்து, "திறப்பு எங்க பிள்ளை?" என்று கையை நீட்டினீங்கள். நிலத்தைப் பார்க்கப் போய், பார்க்காமல் விட்டேன். "இல்லை மாமா. இன்னும் பதினொரு நாளைக்கு ஏலாது" என்றேன். குசினிக்குள் இருந்து அம்மா, "ஆரது கதைச்சது?" என்று கேட்டா. நீங்கள் நீட்டிய கையை எடுத்துப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "சரி, முகம் கழுவிப்போட்டு வாறன்" என்று கிணற்றடிக்குப் போனீங்கள். வாளிச் சத்தம் கேட்கிறது. மேலே எழுதியதில் கடைசிக்கு முதல் பாராவில் ஒரு வரியை வெட்டிவிட்டு வாசியுங்கோ. எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். இதை உங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்துவிட்டு, கொட்டில் வாசலில் போய் நிற்கிறேன். திறப்பு என் கையில்தான் இருக்கிறது.