போன் எனக்குச் சொல்லித் தந்த சிங்களம்

"உன்னைப் புரிஞ்சுக்கிட்டேன்" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். வீட்டுக்காரர் சொன்னால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். மிஷின் சொன்னால் அதைவிட மோசம். ஒரு மிஷின் அப்படிச் சொன்னதால்தான் நான் இன்றைக்கும் டயகம தேயிலை மலையில் அட்டைக் கடி வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. அதற்கு உதவியாள் எடுக்கிறார்கள் என்று காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது சொன்னார்கள். கூரைக்குக் கீழே வேலை. என் இடுப்பு அப்போதே போயிருந்தது. கொழுந்து மூட்டையோடு இறங்கினால் கண்ணில் தண்ணி வரும். (யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகுது.) அந்த வேலை எனக்கு வேண்டும். ஒரே சிக்கல், நேர்முகம் சிங்களத்தில். என் சிங்களம் ஹட்டன் டவுன் கடையில் விலை கேட்கும் அளவுக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஆராய்ச்சி செய்கிற தம்பி ஒருவர் வந்தார். சோதித்துப் பார்க்க என் கையில் ஒரு புதுப் போனைத் தந்தார். அதற்குள் சிங்களம் சொல்லித்தரும் வாத்தியார்.

"மத்தது மாதிரி இல்லக்கா இது. பழகப் பழக உங்களப் புரிஞ்சுக்கும். உங்க வேகம், உங்க விருப்பம் பாத்துப் பாடத்த மாத்திக்கும்."

"எனக்குப் புள்ளைங்க பாக்குற வேலைக்குப் பேசணும் தம்பி."

"அத நீங்க சொல்லவே வேணாம். அதுவே கண்டுபிடிக்கும்."

(சொல்லவே வேண்டாமாம். அப்போதே போனைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.)

நீங்க மட்டும்தான் பாவிக்கணும் என்றும் சொன்னார். தலையாட்டினேன். ஒரே கூரைக்குக் கீழே காம்பரா காம்பராவாக ஒட்டிக் கிடக்கிற லயத்தில் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமான பொருள் என்றால் அது பொய்ப்பல்தான். எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தச் சந்து வழியாக மிளகாய்த்தூள் போகும், குழம்பு வரும். போனும் போனது.

அந்தப் பக்கம் என் நாத்தனார் கலா. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரோடு சண்டை போடாமல் இறங்கியதில்லை. "அந்தாள சிங்களத்துலயே கேக்கணும் அண்ணி" என்று போனிடம் அதையே படித்தாள். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். சம்பள நாளில் பாரில் நின்று என்ன பேச வேண்டுமோ, அதைப் படித்தார். நான் மலையிலிருந்து வந்து, சமைத்து, துவைத்துவிட்டு எடுக்கும்போது போன் என்னை மறந்திருக்கும்.

பிள்ளை, பால், காய்ச்சல் என்று ஒரு வார்த்தை வரவில்லை. "உங்களுக்குப் பிடித்த பாடம் இதோ!" என்று வேறு எதையோ ஆரம்பிக்கும். கலா வேகமாகப் படிப்பவள். அவள் வேகத்துக்கே எனக்கும் ஓடியது. கீழே தமிழில் அர்த்தம் வரும். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். என்னைப் புரிந்த மிஷின், காரணம் இல்லாமலா சொல்லும்? அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்தேன். தேயிலைக்கு நடுவில் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகினேன். (பக்கத்து நெரையில் கொழுந்து பறிக்கிறவள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்தாள்.)

நேர்முகத்துக்குக் கல்யாணச் சேலை கட்டிப் போனேன். கேள்வி கேட்கத் தோட்டத்துப் பெரிய தொரை, தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா, கொழும்பிலிருந்து வந்த சிங்கள அம்மா, அதாவது நோனா. நோனாவுக்குச் சிரித்த முகம். பிள்ளை அழுதால் என்ன செய்வாய் என்று கேட்டார். பிள்ளையும் அழுகையும் எனக்குப் புரிந்தன. அழுகிற பிள்ளைக்கு ஏதாவது கொடுக்கத்தானே வேண்டும்? "தென்ன" என்றால் கொடு. அப்படி முடிகிற பாடம் ஒன்று என்னிடம் இருந்தது. தங்குதடை இல்லாமல் சொன்னேன்.

"தவ பாகயக் தென்ன. வதுர எபா!"

நோனாவின் சிரிப்பு நின்றது. தொரை பேனாவைக் கீழே வைத்தார். வெல்பெயார் ஐயா தமிழர். என் பக்கம் குனிந்தார்.

"என்னம்மா, இன்னொரு அரைப் போத்தல் குடு, தண்ணி வேணாங்கிற?"

நோனா நல்லவர். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, மெதுவாக இன்னொன்று கேட்டார். அது என் காதிலேயே ஏறவில்லை. வாயில் அடுத்த பாடம் வந்தது. அது கலாவுடையது. கலா படிக்கும்போது விரலை நீட்டுவாள். நானும் நோனாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மாவ ரவட்டன்ன ஹதன்ன எபா!"

என்னை ஏமாத்தப் பாக்காதே என்று அர்த்தம். வெல்பெயார் ஐயா அதைத் தமிழில் சொல்லக்கூட இல்லை. நானே எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

வேலை கீழ் டிவிஷன்காரி ஒருத்திக்குக் கிடைத்தது. அவளிடம் போன் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தம்பி கேக் பெட்டியோடு வந்தார். அவருடைய மிஷினுக்கு வெளிநாட்டில் விருதாம். ஆளைப் புரிந்துகொள்வதில் அதை மிஞ்ச ஒன்றுமில்லையாம். அது என்னைப் பற்றிக் கண்டுபிடித்ததை லேப்டாப்பில் வாசித்துக் காட்டினார்.

"ஆண். இளவயசு. குடிப்பழக்கம் உண்டு. அடிக்கடி பஸ்ல போறவர். சட்டுனு கோவம் வரும். இப்புடி ஒரு ஆள மிஷின் பாத்ததே இல்லக்கா. விருதுக் கூட்டத்துல உங்களத்தான் உதாரணமாச் சொன்னேன்."

வீட்டுக்காரர் கேக்கைத் தின்றுகொண்டே, "கோவம் மட்டும் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார்.

நான் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"மிஷின் இருக்கட்டும் தம்பி. நீ பாரு. ஒன் எதுர்ல நிக்கிறது ஆம்பளையா? இந்த வீட்டுல எத்தன பேரு இருக்காங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா? என் வேல போச்சு. ஒனக்கு விருதா?"

"இல்லக்கா, அது தானாவே..."

விரலை நீட்டினேன். "மாவ ரவட்டன்ன ஹதன்ன எபா!"

தம்பியின் முகம் மலர்ந்தது.

"அக்கா! என்ன சுத்தமான உச்சரிப்பு! பாத்தீங்களா, வேல செய்யுது!"

போனையும் கேக் பெட்டியையும் அவர் கையில் திணித்து அனுப்பினேன். (பெட்டி காலி.)

அதோடு விட்டார்களா? இப்போதும் நான் மழையில் நனைந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து தேத்தண்ணி ஊற்றினால், வீட்டுக்காரர் கோப்பையை நீட்டுவார். "தவ பாகயக் தென்ன." சுவருக்கு மேலே சந்து வழியாகக் கலா கத்துவாள். "வதுர எபா!" லயமே சிரிக்கும்.

நான் சிரிப்பதில்லை. அப்படிக் கேட்கிற அன்றைக்கெல்லாம் அவருக்கு வெறும் சுடுதண்ணிதான்.