வலப்பக்கம் வருகிறவர்

நகரும் படிக்கட்டின் வலப்பக்கத்தில் ஏறி நின்ற ஆறாவது நொடியிலேயே நிராசாவாவுக்கு வியர்த்துவிட்டது.

காலை எட்டு மணி. டோக்கியோவில் எந்த எஸ்கலேட்டரிலும் எல்லோரும் இடப்பக்கம்தான் நிற்பார்கள், வலப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. இடப்பக்கம் நின்ற அத்தனை பேரும் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்கள். பின்னால் யாரோ வேகமாக வந்து நின்றார்கள். திட்டவில்லை, இடிக்கவில்லை. சும்மா மூச்சு வாங்கினார்கள். அதைத்தான் நிராசாவாவால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கவே வெட்கமாகி, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று முனகியபடி விறுவிறுவென்று மேலே நடந்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் அந்த ரயில் நிலையத்தின் துணை அதிகாரி. எஸ்கலேட்டரில் நடக்கக் கூடாது, இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் என்று ஜனங்களுக்கு நின்று காட்டத்தான் ஏறினார்.

தலைமை அலுவலக உத்தரவு அது. இரண்டு பக்கமும் நின்றால் நெரிசல் குறையும் என்று அங்கே யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். வியாழக்கிழமை உகாஜி என்ற மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பார். வலப்பக்கம் காலியாக இருந்தால் நிராசாவாவுக்கு வடக்கே ஒரு மலை நிலையத்துக்கு மாற்றல். அங்கே ஒரு நாளைக்கு நாலு ரயில். பயணிகளைவிடக் கரடிகள் அதிகம்.

மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "நான் வரமாட்டேன். நீங்க போய்க் கரடிங்களுக்கு வரிசையில நிக்கச் சொல்லிக் குடுங்க."

மறுநாள் நிராசாவா எஸ்கலேட்டர் வாயிலில் தரையில் இரண்டு ஜோடிப் பாதங்களை ஒட்டினார். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் மஞ்சள். நீலத்தின் மேல் ஊரே ஏறிப் போனது. மஞ்சளைத் தெரியாமல் மிதித்துவிட்ட ஒரு பெரியவர் மட்டும் நின்று, அந்தப் பாதங்களுக்குத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

நிராசாவா ஓடிப்போய் அவரைப் பிடித்தார். "ஐயா, அது நீங்க நிக்கிறதுக்குத்தான்!"

"எனக்கெதுக்குத் தம்பி? யாருக்கோ ஒதுக்கி வச்சிருக்கீங்க."

"யாருக்கும் இல்லைங்க."

"அவசரமா ஒருத்தர் வருவாங்கல்ல, அவங்களுக்கு. தினம் எட்டு மணிக்கு என்னைத் தாண்டி ஓடறாங்க. பாவம், வீட்ல என்ன கஷ்டமோ."

"ஆள் எப்படி இருப்பாங்க?"

"அவசரமாப் போறவங்களை நிமிர்ந்து பாக்குறது மரியாதையா தம்பி?"

ஒரே ஒரு ஆளுக்காகவா இத்தனை பேர் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று நிராசாவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அறிவிப்பாளர் மினோபேயிடம் போனார். சாதுவான பெண். தினமும் எட்டு மணிக்குக் கீழே பிளாட்பார மைக்கில் ஒரு முறை, மேலே வாசல் மைக்கில் ஒரு முறை, எஸ்கலேட்டரில் யாரும் ஓட வேண்டாம் என்று சொல்வது அவள் வேலை.

"ஏம்மா, ஒரு தடவை சொன்னா யார் காதுல ஏறும்? நாளையிலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லு."

"ரெண்டு மைக்லயுமா சார்?"

"ரெண்டுலயும்தான்."

"பதிவு பண்ணிப் போட்டுரலாமா சார்?"

"பதிவுக்கு யார் மதிப்புக் குடுப்பா? உன் குரல்ல ஒரு உருக்கம் இருக்கு. அதுவும் மேல பேசறப்ப அழுதுடுவ போல இருக்கு. அதுதான் மனசைத் தொடும்."

மினோபே தலையாட்டினாள்.

புதன்கிழமை நிலைமை இன்னும் கெட்டது. இடப்பக்கம் நின்றவர்கள் கைப்பையைக்கூட வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். வரிசை பிளாட்பாரக் கடைசியில் இருக்கும் குளிர்பான இயந்திரம் வரை நீண்டது.

"வலப்பக்கம் அவ்வளவு இடம் இருக்கே, ஏன் நிக்க மாட்டேங்கறீங்க?" என்று வரிசையில் இருந்த ஓர் அம்மாளிடம் கேட்டார்.

"இப்ப முன்னை மாதிரி இல்ல சார். பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் ஓடறாங்க. ஊர்ல என்னமோ நடக்குது. வழி விடாம இருக்க முடியுமா?"

பத்து நிமிடம் போதவில்லை என்று நிராசாவா முடிவு கட்டினார். அறிவிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக்கினார்.

வியாழக்கிழமை வந்தது. வேறு வழி தெரியாமல், விடுமுறையில் இருந்த ஊழியர்கள் முப்பது பேரைக் கெஞ்சிக் கூட்டி வந்து, சாதாரண உடையில் வலப்பக்கம் ஏற்றிவிட்டார். மேலே போனதும் தூரத்துப் படிக்கட்டு வழியே இறங்கி வந்து மறுபடி ஏற வேண்டும். எது நடந்தாலும் இடப்பக்கம் நகரக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தார்.

உகாஜி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு பக்கமும் நிறைய ஜனம். "பரவாயில்லையே, நிராசாவா! வேற எந்த நிலையத்துலயும் இதைப் பாக்கல" என்று பேனாவை எடுத்தார். நிராசாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து, "மன்னிக்கணும்!" என்று ஒரு குரல்.

அவ்வளவுதான். முப்பது பேரும் சத்தியத்தை மறந்து இடப்பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். சாம்பல் நிற மழைக்கோட்டு, முகக்கவசம், தலையை மூடிய தொப்பியுடன் ஓர் உருவம் காலியான வலப்பக்கத்தில் தடதடவென்று ஏறியது.

உகாஜியின் பேனா அந்தரத்தில் நின்றது. நிராசாவாவுக்குக் கண்முன் கரடிகள் வந்து நின்றன.

"நில்லு! ஓடாதே!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடினார். என்ன நடக்கிறது என்று பார்க்க உகாஜியும் ஓடினார். இடப்பக்கத்து ஜனங்கள் மூன்று பேருக்கும் மரியாதையாக வழி விட்டார்கள்.

மேல்படியில் மழைக்கோட்டின் கையைப் பிடித்து இழுத்ததும் தொப்பி சரிந்தது. உள்ளே நிலையச் சீருடை.

"மினோபே! நீயா? எதுக்கும்மா இந்த வேஷம்?"

"சீருடையோட ஓடினா நிலையத்துக்குக் கெட்ட பேரு சார்."

"ஓடவே கூடாதும்மா! உனக்கு அப்படி என்ன அவசரம்?"

மினோபே மூச்சிரைக்க வாசல் மைக்கைக் கையால் காட்டினாள். "கீழ சொல்லி முடிச்ச கையோட இங்க வந்து 'எஸ்கலேட்டர்ல யாரும் ஓடாதீங்க'ன்னு சொல்லணுமே சார், நின்னுக்கிட்டு வந்தா நேரத்துக்கு வந்து சேர முடியுமா?"