ராணிக்குப் பத்துக்கு ஒன்று

ஒன்றுமே தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய கேடு இல்லை. எல்லாம் தெரிந்தவர்களாலும் இல்லை. மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர்களைக் கண்டால்தான் ஓடி ஒளிய வேண்டும். நான் அப்படிப் போய்விட்டு வந்து, எங்கள் வீட்டுப் பசுவைக் கொன்றவள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பாதையிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றுதான் புகுந்த வீடு. முழங்கால் தேய்ந்து அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தியிருந்தார். அதன் பிறகு குடும்பம் ஓடியது ராணியின் பாலில்தான். என் வீட்டுக்காரருக்கு வேலை இருக்கும் மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. ராணிக்கு லீவே கிடையாது.

பால் எடுக்கும் நிலையத்தில் லயத்துக்கு ஒருவரை மாத்தளைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உயர்தரம் படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். மாட்டின் முகத்தைப் பார்த்து அதன் வலியைக் கண்டுபிடிப்பதுதான் பாடம். காது, கண், மூக்கு, தலை, முதுகு என்று ஐந்துக்கும் படம் போட்ட அட்டை ஒன்று தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து இரண்டு வரை மார்க். வலி கூடக் கூட மார்க்கும் கூடும், மொத்தம் பத்து. பயந்த மாடு வலியைக் காட்டாது, அதனால் மாட்டுக்குத் தெரியாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்களாம். அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போயிருந்தேன் (பெட்டிஸ் பலகாரமும் வைத்திருந்தார்கள்).

திரும்பி வந்த கையோடு ரத்தோட்டை டெய்லரிடம் ஒரு வெள்ளைக் கோட்டு தைத்தேன். யாரும் தைக்கச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, மாட்டுப்பட்டியிலிருந்து அத்தை கூப்பிட்டார்.

"புள்ள, ராணிக்கு என்னமோ பண்ணுது. மூஞ்சி மூஞ்சியாவே இல்ல. மூணு நாளா பள்ளத்துல எறங்க மாட்டேங்குது. மேட்டுல மட்டும் ஏறுது."

என் வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்தார். "மாட்டு டாக்டருக்குச் சொல்லட்டா?"

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

கோட்டை மாட்டி, அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் லயத்தில் பாதிப் பேர் பட்டியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். படுத்திருந்த ராணி என்னைக் கண்டதும் விறுக்கென்று எழுந்தது. காதிரண்டும் நிமிர்ந்தன. கண்ணை விரித்து என்னையே பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? வெள்ளைக் கோட்டு என்றால் ஊசி என்றுதான் அதற்குத் தெரியும். பயத்தில் விறைத்து நின்ற மாட்டுக்கு நான் சத்தம் போட்டு மார்க் கொடுத்தேன்.

"காது பூச்சியம்! கண்ணு பூச்சியம்!"

"பல்ல கடிக்குதே புள்ள," என்றார் அத்தை.

"அசை போடுதுங்க அத்த. அசை போடுற மாட்டுக்கு வலி இருக்காது."

அசை போடும் மாட்டின் வாயில் இரை இருக்கும். ராணியின் வாயில் ஒன்றுமில்லை, வெறும் பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. ராணியைப் பார்த்த எல்லோருக்கும் அது தெரிந்தது. நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப பள்ளத்துல எறங்காதது?"

"பள்ளம் மேடெல்லாம் இதுல இல்லைங்க." அட்டையைத் திருப்பியும் காட்டினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

கொஞ்சம் வளைந்திருந்த முதுகுக்கு மட்டும், பெரிய மனது பண்ணி, ஒன்று போட்டேன். "மொத்தம் பத்துக்கு ஒன்னு. டாக்டர் தேவையில்ல."

இரண்டு பேர் கை தட்டினார்கள். அத்தையும் தலையாட்டினார். படித்த மருமகள் சொல்லிவிட்டாளே! ஒரு பிடி புல்லை எடுத்து ராணியின் வாயருகே நீட்டினார். அது முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நான் அப்போது போனில் படம் எடுக்க வாகாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் பால் பாதியானது. "வெயிலுக்கு," என்றேன். அதற்கு மறுநாள் மத்தியானம் பட்டிக்கு மேலேயுள்ள மேட்டில் ராணி விழுந்துகிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். அந்தச் சத்தத்துக்கு மார்க் போட அட்டை தேவைப்படவில்லை. டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் அறுத்துப் பார்த்தார். விரல் நீளத்துக்கு ஒரு கட்டுக்கம்பி. புல்லோடு விழுங்கியது, இரைப்பையைத் துளைத்து இதயம்வரை போயிருந்தது. இறங்கும்போது உள்ளே இன்னும் குத்தும் என்பதால்தான் மாடு இறக்கத்தில் இறங்க மறுக்குமாம். அவர் சிங்களவர், தமிழைத் தேடித் தேடிக் கேட்டார்.

"பள்ளத்துக்கு எறங்காம நிக்கல்லயா இந்த மாடு? ஒருத்தரும் பாக்கல்லயா? முந்தியே சொன்னா காப்பாத்த ஏலுமா இருந்திருக்கும்."

அத்தையைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

"கவனிக்கலைங்க ஐயா," என்றார் அத்தை. "என் தப்புதான்."

அன்று அழுததுபோல் நான் தாய் வீட்டை விட்டு வந்த நாளிலும் அழவில்லை. கோட்டை அடுப்பில் போட்டேன் (அதுவும் ஒழுங்காக எரியவில்லை, உருகி வீடெல்லாம் நாறியது). அடுத்த மாதம் அத்தை முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கதை எங்கள் வீட்டில் பகிடியாக மாற இரண்டு வருடம் எடுத்தது. இப்போது என் வீட்டுக்காரருக்குப் பல்வலி வந்தால், "எத்தன மார்க்கு சுமதி?" என்று கன்னத்தைக் காட்டுவார். கொழுந்தன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும், "பத்துக்கு ஒன்னு அண்ணி, டாக்டர் தேவையில்ல," என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அத்தை மட்டும் அந்தப் பகிடியைச் சொன்னதுமில்லை, அதற்குச் சிரித்ததுமில்லை.

போன மாசியில் ஒரு காலை ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அத்தை, மாவுக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"என்னா அத்த, வலிக்குதா?"

நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

"ஒன்னுதான் புள்ள."

ஆட்டோ வருவதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். குடல்வால் வீங்கியிருந்தது, இன்னும் அரை நாள் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அத்தை பிழைத்துக்கொண்டார். பகிடி இன்னும் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் இரண்டிலிருந்து பத்து வரை எந்த மார்க்குக்கும் சிரிக்கலாம். ஒன்று என்று யாராவது சொன்னால் மட்டும் ஒருவரும் சிரிப்பதில்லை.