பெட்டியைச் சுற்றி வந்த சத்தம்

பேயைவிட எக்ஸ்ரே அறைக்குத்தான் அதிகம் பயந்தவள் நான். பந்திங் சாலையில் லோரி மோதி நொறுங்கிய என் இடுப்பு மூட்டில், எழுபதுகளில் இரும்புக் கிண்ணமும் அதற்குள் சுழல இரும்புக் குண்டும் வைத்துத் தைத்தார்கள். "வருஷா வருஷம் வந்து காட்டணும்" என்றார் டாக்டர். வலியே இல்லாதவள் எதற்குப் போகவேண்டும்? (அப்போது வாய் கிளாங் ஊர் வரை நீளும்.) போகவில்லை.

பல வருஷம் கழித்து, எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பட்டப்பகலில் அந்தச் சத்தம் தொடங்கியது. கிரீச். நான் நடந்தால் கூடவே வரும், நின்றால் நிற்கும். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினேன். போதாததற்குச் சாம்பிராணி போட்டுக் கணவரை இருமவைத்தேன்.

அந்த வாரம் கிளாங்கில் கணவரின் பெரியப்பா இறந்துபோனார். மத்தியானம், பெட்டியை மூடப்போகும் நேரம். பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையாகச் சுற்றிவந்தோம். அழுகை சற்று ஓய்ந்திருந்தது. நான் தலைமாட்டை நெருங்கியபோது, கிரீச்.

பெரியம்மா நிமிர்ந்தார்.

இன்னொரு அடி வைத்தேன். கிரீ...ச். பெரியப்பா மூச்சை இழுப்பது போலவே இருந்தது. என் கையிலிருந்த அரிசி முழுக்கப் பெரியப்பாவின் மூக்கில் கொட்டியது. "ஐயோ, பெட்டிக்குள்ள சத்தம்!" என்று முதலில் அலறியது சாட்சாத் நானேதான்.

"மூடாதீங்க! அவருக்கு உசுரு இருக்கு!" பெரியம்மா அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டார். ஒருவரும் அசையவில்லை. சத்தமும் வரவில்லை. மூடியைப் பிடித்திருந்தவர் முகம் வெளிறி நின்றார். நான் பயந்து பின்வாங்கினேன். கிரீச், கிரீச், கிரீச்.

என் கொழுந்தன் குமார் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணி, கொஞ்சம் நடங்க லா."

நடந்தேன்.

"பெரியம்மா... சத்தம் அண்ணி இடுப்புலேர்ந்து வருது."

பெரியம்மா மெதுவாகக் காதை எடுத்தார். அந்த முகத்தைப் பார்த்த எனக்கு, செத்துப்போய்விடலாம் போல் இருந்தது.

அடுத்த வாரமே கணவர் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். இரும்போடு இரும்பு உரசித் தேய்ந்து, கழன்று, சுற்றியிருந்த சதையெல்லாம் கறுத்துப்போயிருந்ததாம். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நடையே போயிருக்கும்" என்று திட்டிவிட்டு, மொத்தத்தையும் மாற்றினார்கள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் ஒரு சாவென்றால், "அண்ணி ஒரு சுத்து நடக்கட்டும், அப்புறம் மூடலாம்" என்பான் குமார். துக்க வீட்டிலும் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவார்கள். பெரியம்மா மட்டும் இதற்குச் சிரித்ததே இல்லை. ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர், மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து, என் காதருகே குனிந்து கேட்டார்:

"அந்தப் பழைய இரும்ப எங்க போட்டாங்கம்மா?"